உழக்கு நெய்யின் சரித்திரம்

சரித்திரம் என்றவுடன் நம் மனக்கண் முன் வருபவை யாவை? யானைப் படையும், கடல் கடந்த கப்பலும், முடி சூடிய மன்னனும் அல்லவா? பள்ளிப் பருவத்தில் நாம் நெட்டுருச் செய்த பட்டியல்களும் அத்தகையவையே. இன்னார் இன்னாரை இன்ன ஆண்டில் வென்றார் என்பதோடு அப்பாடங்கள் முடிந்துவிடும். வென்றவர் ஊர் திரும்பிய மறுநாட் காலையில் அந்த ஊரில் மாடு கறந்தவர் யார், தெரு பெருக்கியவர் யார், விளக்குக்கு நெய் கொண்டு வந்தவர் யார் என்று நாம் கேட்டதுமில்லை. நமக்குச் சொன்னவரும் இல்லை.

ஆயினும் தமிழகத்துக் கல்வெட்டுகளைப் படிக்கத் தொடங்கியவர் ஒரு வியப்பான செய்தியைக் காண்பர். மன்னனின் போர்ப் புகழ் மெய்க்கீர்த்தியாகத் தொடக்கத்தில் நிற்கும். அது முடிந்ததும் சாசனம் குரலை மாற்றிக்கொள்ளும். அதன் பின் வருபவை ஆடு, மாடு, நெல், நெய், அளவு, தவணை, பெயர். சுருங்கச் சொன்னால், அன்றாடக் கடமைகளின் கணக்கு. சுவர் சுவராக, அடி அடியாக அக்கணக்கே நீள்கிறது. அதனை வறண்டது என்று தள்ளிவிடுவோரும் உளர். நாம் அவ்வாறு தள்ளாமல், அதில் ஒரே ஒரு பொருளை மட்டும் எடுத்துக்கொண்டு இன்று சிறிது பேச எண்ணுகிறோம். அப்பொருள் உழக்கு நெய்.

தஞ்சைப் பெரிய கோயிலை நாம் அனைவரும் அறிவோம். 985 முதல் 1014 வரை ஆண்ட முதலாம் இராசராசன் அதனை எடுப்பித்தான். தன் ஆட்சியின் 25ஆம் ஆண்டில், அதாவது 1010இல், விமானத்தின் உச்சியில் வைக்கச் செப்புக் குடம் அளித்தான். இன்று இவ்வளவு உறுதியாகச் சொல்கிறோம். ஆனால் சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் இக்கோயிலைக் கட்டியவர் யார் என்பதே வழக்கிழந்து கிடந்தது. தலபுராணம் கரிகாலனைச் சொல்லிற்று. 1886இல் சென்னை அரசாங்கத்தின் கல்வெட்டாய்வாளராக அமர்ந்த ஹூல்ட்ஷ் என்னும் செருமானிய அறிஞர் கோயிற் சுவர்களின் எழுத்துகளைப் படித்து வெளியிட்ட பின்னரே உண்மை ஐயமற நிலைபெற்றது. மன்னனின் பெயரை மக்கள் மறந்திருந்த அந்நெடுங்காலத்திலும் சுவர் அதனை மறக்கவில்லை. மன்னனின் பெயரோடு இடையர்களின் பெயரையும் அது மறக்கவில்லை என்பதுதான் நமக்கு இங்கே வேண்டிய செய்தி.

தன் 26ஆம் ஆட்சியாண்டின் 20ஆம் நாளில் இராசராசன் ஓர் ஆணையிட்டான். தான் கொடுத்தவை, தன் தமக்கை கொடுத்தவை, தன் தேவியர் கொடுத்தவை ஆகியவற்றோடு, மற்றும் கொடுத்தவர் எவராயினும் அவர் கொடுத்தவற்றையும் கல்லில் வெட்டுக என்பது அதன் கருத்து. அவ்வாறு கொடுக்கப்பட்டவற்றுள் விளக்குகளும் பல. கோயிலில் இரவும் பகலும் அணையாது எரிய வேண்டிய விளக்குக்கு நந்தா விளக்கு என்றும் நுந்தா விளக்கு என்றும் பெயர். நுந்துதல் என்றால் திரியைத் தூண்டுதல். ஆகவே நுந்தா விளக்கு என்பது தூண்டாமலே எரியும் விளக்கு என்று பொருள்படும். அழகிய சொல்தான், ஆனால் தூண்டாமல் எரியும் திரியை எவரும் கண்டதில்லை. ஒருவர் அருகிருந்து இடையறாது தூண்டினால்தான், பார்ப்பவர் கண்ணுக்கு அது தூண்டா விளக்காகத் தோன்றும். இல்லங்களில் நடைபெறும் பல வேலைகளும் இத்தகையனவே அன்றோ?

ஒரு விளக்குக்கு நாள் ஒன்றுக்கு உழக்கு நெய். இதற்கு முதலாகத் தஞ்சைக் கோயிலில் வைக்கப்பட்டவை 96 ஆடுகள். அல்லது 48 பசுக்கள். அல்லது 16 எருமைகள். ஓர் எருமைக்கு மூன்று பசு, ஒரு பசுவுக்கு இரண்டு ஆடு என்ற விகிதம் இதிலிருந்தே விளங்கும். வேறு பல கோயில்களில் 90 ஆடுகளும் ஒரு விளக்குக்கு வைக்கப்பட்டன. இக்கணக்கை நாம் சற்று விரித்துப் பார்ப்போம். நான்கு உழக்கு ஒரு நாழி. ஆகவே 360 நாளுக்கு 90 நாழி நெய் ஆகிறது. எட்டு நாழி ஒரு குறுணி, பன்னிரண்டு குறுணி ஒரு கலம் என்ற முறைப்படி, ஒரு கலத்துக்கு ஆறு நாழி குறைவு. 90 ஆடு வைத்த ஊரில், ஆடொன்றுக்கு ஆண்டுக்கு ஒரு நாழி நெய் என்பது கணக்கு. 96 ஆடு வைத்த தஞ்சையிலோ இடையனுக்குச் சிறிது இளைப்பாறல் இருந்தது. இத்துணை நுட்பமாகக் கணக்கிட்டவர்கள் ஆட்டின் மடியை அறிந்தவர்கள் என்பதில் ஐயமில்லை. மந்தை முழுவதும் ஒரே காலத்தில் கறக்காது. குட்டிக்குப் போக எஞ்சியதே பால். அப்பாலைத் தயிராக்கிக் கடைந்து உருக்கினால் கிடைப்பதே நெய். இவற்றையெல்லாம் கழித்துத்தான் உழக்கு என்று வரையறுத்தார்கள்.

இந்த ஆடுகளைக் கோயில் தன் தொழுவத்தில் கட்டிவைக்கவில்லை. இடையர்களிடம் ஒப்படைத்தது. சாசனங்களில் அவர்களை மன்றாடிகள் என்றும் வழங்குவர். குட்டியும் எருவும் உழக்குக்கு மேற்பட்ட பாலும் இடையனுக்கு உரியன. அவன் கோயிலுக்குச் செலுத்த வேண்டியது நாள்தோறும் உழக்கு நெய் மட்டுமே. சந்திரனும் சூரியனும் உள்ளவரை. நம் காலத்துச் சொல்லில் கூறினால், முதலைத் திருப்பிக் கேளாத கடன். வட்டி மட்டும் என்றும் நிற்கும். பல சாசனங்களில் இவ்வாடுகளுக்குச் சாவா மூவாப் பேராடு என்று ஒரு பெயர் காண்கிறோம். சாகாதவை, மூப்படையாதவை என்பது பொருள். ஆடு சாகாமல் இருக்குமா? சாகும். கிழடாகாமல் இருக்குமா? ஆகும். ஆனால் செத்த ஆட்டின் இடத்தில் பிறந்த குட்டி நிற்க வேண்டும். எண்ணிக்கை 96இலிருந்து இறங்கலாகாது. ஆடுகள் மாறிக்கொண்டே இருக்க, மந்தை மட்டும் மூப்பின்றி நிற்கிறது.

படிக்கும் நமக்கு இச்சொற்றொடர் இனிக்கிறது. ஏற்ற இடையனுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்பதையும் எண்ணிப் பார்ப்பது முறை. மழை பொய்த்த ஆண்டிலும் உழக்கு உழக்குதான். மந்தையில் நோய் புகுந்தாலும் அளவு குறையாது. இடையன் தனியொருவனாக இப்பொறுப்பை ஏற்கவில்லை. தம்பியும் மகனும் சுற்றத்தாரும் அவனோடு சேர்த்துக் குறிக்கப்படுவதுண்டு. ஒருவர்க்கொருவர் பிணை நின்றதாகக் கூறும் சாசனங்களும் உள்ளன. ஒருவன் வீட்டுக் குறையை அடுத்தவன் வீட்டு நெய் நிரப்ப வேண்டும் என்பது ஏற்பாடு. கடமை என்பது தனி மனிதனின் தோளில் மட்டும் வைக்கப்பட்டால் நெடுநாள் நில்லாது என்பதை அந்தச் சமூகம் அனுபவத்தால் அறிந்திருந்தது என்றே நாம் கருதுகிறோம்.

விளக்கு வைத்தவர்கள் எல்லாரும் பக்தி மேலீட்டால் மட்டும் வைத்தவர் அல்லர். வேட்டைக்குச் சென்றவன் விலங்கின் மீது எய்த அம்பு தவறி மனிதன் மேல் பட்டு, அவன் இறந்துபோனதாகச் சில கல்வெட்டுகள் கூறுகின்றன. ஊராரும் நாட்டாரும் கூடி ஆராய்ந்தனர். வேண்டுமென்று செய்த கொலை அன்று என்று கண்டனர். உயிருக்கு உயிர் வாங்காமல், இறந்தவன் பொருட்டுக் கோயிலில் விளக்கு வைக்குமாறு தீர்ப்பளித்தனர். எய்தவன் பசுக்களையோ ஆடுகளையோ கொடுத்தான். அவன் கொடுத்தது ஒரே நாளில். அன்றிலிருந்து அந்தச் சாவின் நினைவை உழக்கு உழக்காகச் சுமந்தவன் எவ்வகையிலும் அச்சம்பவத்தோடு தொடர்பில்லாத ஓர் இடையன்! கொடையாளிக்குப் புண்ணியம் ஒரு நாட் செயலால் வந்தது. இடையனோ அதிகாலையில் எழுந்து கறந்தான், கடைந்தான், உருக்கினான், அளந்தான். மறுநாளும் அவ்வாறே செய்தான். மன்னனும் சேனாபதியும் செய்த அறம் நிலைத்தது என்று நாம் பெருமை பேசுகிறோம். நிலைக்கச் செய்தவன் யார் என்று கேட்டால் நம் பேச்சின் திசை மாறியாக வேண்டும்.

தஞ்சைச் சுவரில் இந்த நியாயம் ஓரளவு வழங்கப்பட்டிருக்கிறது. மன்னனின் ஆணையால் பிற கோயில்களிலிருந்து வரவழைக்கப்பட்ட 400 தளிச்சேரிப் பெண்டுகள் அங்கே குடியமர்த்தப்பட்டனர். அவர் ஒவ்வொருவரின் பெயரும், எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர் என்பதும், எந்தத் தெருவின் எந்தச் சிறகில் எத்தனையாவது வீடு என்பதும் பொறிக்கப்பட்டுள்ளன. ஒருவருக்கு ஒரு பங்கு. பங்கு ஒன்றுக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல். அவர்களைத் தொடர்ந்து ஆடலாசிரியர், பாடுவோர், குழலூதுவோர் வருகின்றனர். அத்தோடு நின்றிருந்தால் வியப்பில்லை. கணக்கர், குடை பிடிப்போர், விளக்கேற்றுவோர், நீர் தெளிப்போர், குயவர், வண்ணார், நாவிதர், தையற்காரர், கன்னார், தச்சர், தட்டார் என்று வரிசை நீள்கிறது. துணி வெளுப்பவரின் பங்கும் ஆடல் ஆசிரியரின் பங்கும் அளவில் ஒன்றல்ல. எனினும் இரண்டும் ஒரே கல்லில், ஒரே உளியால் வெட்டப்பட்டவை. பொன்னை நிறுத்த கல்லுக்கும் நெல்லை அளந்த மரக்காலுக்கும் ஆடவல்லான் என்று இறைவனின் பெயரையே அக்கோயிலில் சூட்டியிருந்தார்கள். அளவில் ஏமாற்றுவோன் யாரை ஏமாற்றுகிறான் என்பதை நினைவூட்ட இதைவிடச் சிறந்த வழி உண்டோ?

அளப்பதைப் போலவே கணக்குக் காட்டுவதும் அக்காலத்தில் கடமையாகவே கொள்ளப்பட்டது. உத்தரமேரூர்ச் சாசனங்களைப் பலரும் குடவோலைத் தேர்தலுக்காகப் புகழ்வர். முதலாம் பராந்தகனின் 12ஆம், 14ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது 919இலும் 921இலும் வெட்டப்பட்டவை அவை. 30 குடும்புகள், 35க்கு மேல் 70க்கு உட்பட்ட வயது, பானையிலிட்ட ஓலை என்பன நம் மேடைகளில் அடிக்கடி கேட்கும் செய்திகள். மேடைகளில் அதிகம் கேட்காத பகுதி ஒன்றுண்டு. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனும் அவன் நெருங்கிய உறவினரும் மீண்டும் ஓலைக்குப் பெயர் எழுதப்படத் தகுதியற்றவர் என்பது அது. ஏரி வாரியத்துக்கு ஆறு பேர். பதவிக் காலம் 360 நாள். அதன் பின் ஏரியை அடுத்தவரிடம் ஒப்படைத்துவிட்டு வீட்டுக்குப் போக வேண்டும். மூன்றாண்டுகள் கழியாமல் திரும்பவும் வர இயலாது. எவ்வளவு பெரியவராயினும் ஏரிக் கரையைப் பார்த்துக்கொள்வது ஓராண்டு முறை, அவ்வளவே. இவ்வுரிமை நிலமும் மனையும் கல்வியும் உடையவர்க்கே இருந்தது என்பதையும் மறைக்க வேண்டுவதில்லை.

அதற்கும் கசப்பான பக்கம் ஒன்று உண்டு. கடமையைப் புகழும்போது, கடமை எது, அடிமைத்தனம் எது என்று பிரித்தறியாமல் புகழ்வது தவறாகும். திருப்பாம்புரத்தில் 1201ஆம் ஆண்டைச் சேர்ந்த ஒரு சாசனம் இருக்கிறது. மூன்றாம் குலோத்துங்கனின் ஆட்சிக் காலம். பஞ்சம் வந்து நெல் விலை ஏறிவிட்டது. வேளாளர் ஒருவர், தம்மையும் தம் பெண்மக்கள் இருவரையும் கோயிலுக்கு அடிமையாக 110 காசுக்கு விற்றுக்கொண்டார். இதுவும் கல்லில்தான் இருக்கிறது. இங்கும் நாள்தோறும் செய்ய வேண்டிய பணி உண்டு. ஆனால் இடையனின் உழக்குக்கு மேல் கிடைத்த பால் அவனுடையது. அப்பெண்மக்களுக்கோ உழக்கும் இல்லை, உழக்குக்கு மேலும் இல்லை. எது முடிந்தால் தன் கடமை முடிந்தது என்று மாலையில் ஒருவர் சொல்லிக்கொள்ள முடியுமோ, அந்த எல்லை அவர்களுக்கு விதிக்கப்படவில்லை. அளவிட்ட பொறுப்பில் மனிதனுக்கு மானம் இருக்கிறது. அளவற்ற பொறுப்பைச் சுமத்துவோர் அதற்கு எத்துணை உயர்ந்த பெயர் சூட்டினாலும் நாம் அதனை ஒப்புவதற்கில்லை. வீட்டில் தாய்க்கும், வீட்டு வேலைக்கு வரும் பெண்ணுக்கும் நாம் எந்த எல்லையை விதித்திருக்கிறோம் என்று கேட்டுக்கொள்வது இவ்விடத்தில் பொருத்தமாகும்.

இனி, தமிழகத்துக்கு வெளியே வாழும் நேயர்களாகிய நம்மோடு இவற்றுக்கு என்ன உறவு? தில்லிக் கரோல்பாகிலும் பம்பாய் மாதுங்காவிலும் குடிபுகுந்த குடும்பங்களின் கதை புதியது. ஆயினும் ஊரை விட்டு வெளியே சென்று, சென்ற இடத்தில் ஒரு முறைப்பாட்டை ஏற்று நடத்துவது தமிழர்க்குப் புதியதன்று. பெங்களூரில் வாழ்வோர் தொம்மலூர்ச் சொக்கநாதர் கோயிலுக்கு ஒரு முறை சென்று வரலாம். அங்குத் தமிழ்ச் சாசனங்கள் உள்ளன. கோலாரில் கோலாரம்மன் கோயிலிலும் சோழர் காலத் தமிழ்க் கல்வெட்டுகளைக் காணலாம். பி. லூயிஸ் ரைஸ் என்னும் அறிஞர் மைசூர்ப் பகுதியின் சாசனங்களைத் தொகுத்தபோது கன்னடத்தோடு இவற்றையும் படியெடுத்து வெளியிட்டார். கோதாவரிக் கரையை அடுத்த திராட்சாராமத்தில் பீமேசுவரர் கோயிற் சுவர்களில் தெலுங்கும் வடமொழியும் மிகுதி. இடையிடையே தமிழும் உண்டு. எம்மொழியில் எழுதினாலும் அங்கும் பொருள் பெரும்பாலும் விளக்கும் ஆடும் நெய்யுமே. மொழிகள் வேறாயினும் கணக்கு ஒன்றாக இருந்தது.

தஞ்சைக் கோயிலிலேயே வெளியூரார் பலர் பணி செய்தனர். திருமெய்காப்பு எனப்பட்ட காவலர்களைச் சோழ நாட்டின் பல ஊர்களும் அனுப்ப வேண்டும் என்பது மன்னனின் ஏற்பாடு. காவல் நிற்பது தஞ்சையில். அவருக்குரிய ஆண்டுக்கு 100 கலம் நெல்லை அளப்பது அவரை அனுப்பிய ஊர். ஊரை விட்டு வந்தவர் ஊரின் பொறுப்பில் இருந்தார். ஊரின் பொறுப்பு அவர் கையில் இருந்தது. வெளியூரில் வேலை பார்த்து வீட்டுக்குப் பொருள் அனுப்பும் நம் வழக்கத்துக்கு இது நேர் எதிரான திசை என்பது ஒரு சுவையான வேறுபாடு. இன்று ஊரில் இருக்கும் பெற்றோரை வெளியூரில் இருக்கும் மகன் தாங்குகிறான். அன்று வெளியூர் சென்ற மகனை ஊர் தாங்கியது. எனினும் திங்கள்தோறும் தவறாது போக வேண்டியது போனால்தான் அந்தப் பக்கத்தில் அடுப்பு எரியும் என்பது இரண்டுக்கும் பொது.

இப்போது, நாம் இப்பேச்சை எடுத்ததற்கே காரணமான ஒரு விதிக்கு வருவோம். தளிச்சேரிப் பெண்டுகள் முதலாக வண்ணார், தட்டார் ஈறாகப் பங்கு பெற்றவர் அனைவருக்கும் பொதுவாகத் தஞ்சைச் சாசனம் இதனைக் கூறுகிறது. பணியாளருள் ஒருவர் இறந்துவிடலாம். அல்லது அநாதேசம் போய்விடலாம். அநாதேசம் என்பது வேற்று நாடு, பிற தேசம். ஏன் போனார் என்று சாசனம் கேட்கவில்லை. போனதற்காக அவரைப் பழிக்கவும் இல்லை, தண்டமும் விதிக்கவில்லை. மரணத்தையும் இடப்பெயர்ச்சியையும் அருகருகே வைத்து, இரண்டும் மனித வாழ்வில் நேரக்கூடியவையே என்று ஏற்றுக்கொண்டு, அடுத்து என்ன செய்வது என்பதை மட்டும் பேசுகிறது. அவருக்கு அடுத்த முறையுடைய உறவினர் அப்பங்கைப் பெற்று அப்பணியைச் செய்யலாம். அவ்வுறவினருக்கு அப்பணியில் தகுதி இல்லையாயின், தகுதியுடைய வேறொருவரை அமர்த்திச் செய்விக்கலாம். அத்தகைய உறவினரே இல்லையாயின், அதே பணியில் உள்ள மற்றவர்கள் கூடித் தகுதியான ஒருவரைத் தேர்ந்து அமர்த்த வேண்டும், அமர்ந்தவருக்கே பங்கு.

பிறப்பு உரிமை தந்தது. ஆனால் தகுதி இல்லாமல் அவ்வுரிமை பணியைக் கெடுக்க விடப்படவில்லை. முறை மாறலாம், ஆள் மாறலாம், பணி நிற்கலாகாது. பிற தேசம் போகும் ஒருவர், தம் இடத்தில் யார் நிற்பார் என்ற கேள்விக்கு விடை ஒன்று இருக்கிறது என்ற நிம்மதியோடு புறப்பட்டிருக்கலாம். அந்த நிம்மதியின் விலையை ஊரில் தங்கிய ஒருவர் கொடுத்தார். அண்ணன் பெயர்ந்து சென்ற வீட்டில் தம்பியும், தமக்கை சென்ற வீட்டில் தங்கையும், மகனை அனுப்பிவிட்ட வீட்டில் முதிய தந்தையும் இன்றும் அதே விலையைக் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். விடுமுறைக்கு ஊர் செல்லும் நாம் அவர்களுக்குத் துணியும் இனிப்பும் கொண்டு செல்கிறோம்; மருத்துவமனைக்கு அழைத்துச் சென்ற நாட்களையும், வரி கட்ட வரிசையில் நின்ற வேளைகளையும், கூரை ஒழுகிய இரவுகளையும் கணக்கிட்டுக் கேட்பதில்லை. கணக்கிட்டுக் கேட்பது அன்புக்குக் குறைவு என்று ஓர் எண்ணம் நம்மிடம் இருக்கிறது. இராசராசன் அவ்வாறு எண்ணவில்லை.

தன் 29ஆம் ஆட்சியாண்டு வரையில் நியமித்த பணியாளர்களின் பெயர்களை அவன் இவ்வாறு கல்லில் வெட்டுவித்தான். பிறகு வந்தவர்கள் யாவர்? பிற தேசம் போனவரின் பங்கை ஏற்று மறுநாட் காலையில் விளக்கேற்ற வந்தவருக்கு விதியில் இடம் விட்டிருக்கிறார்கள். பெயருக்கான இடத்தில் ‘அடுத்த முறையுடையார்’ என்ற பொருள்பட ஒரு சொல்லும், அவருக்குரிய நெல்லின் அளவும் மட்டும் நிற்கின்றன.